கைப்பேசி, டேப்லெட் படங்கள் சரியாக வரவில்லை என்றால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கேமரா கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று கொடுக்கப்படும் கைப்பேசிகளையும் டேப்லெட்களையும் தொடர்ந்து சரிபார்த்து வருபவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவற்றில் பெரும்பாலானவற்றில் கேமரா நன்றாகவே இருக்கிறது. கோளாறு லென்ஸின் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் இருக்கும். உறையின் விளிம்பில் இருக்கும். எப்போதோ கைதவறித் தட்டிவிட்ட ஓர் அமைப்பில் இருக்கும். அல்லது அந்த நேரத்து வெளிச்சத்தில் இருக்கும். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பார்த்து வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: ஒரு சோதனைப் படம்

பகல் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், சிறிய எழுத்துகள் அச்சான ஒரு தாளைச் சுவரில் ஒட்டுங்கள். உறையைக் கழற்றி, லென்ஸைத் துடைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்யாமல், திரையில் அந்த எழுத்துகளின் மேல் ஒருமுறை தட்டி, ஃபோகஸ் கட்டம் நிலைபெற்ற பிறகு படம் எடுங்கள். அதே தாளை அகலக் கோண லென்ஸ், தொலைவு லென்ஸ், முன்பக்கக் கேமரா என்று கருவியில் உள்ள ஒவ்வொன்றாலும் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லாப் படங்களும் தெளிவாக இருந்தால் கருவி நலமாக இருக்கிறது. படம் எடுக்கும் சூழலிலும் முறையிலும்தான் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு கேமராவின் படம் மட்டும் மோசமாக இருந்தால், வேறொரு கேமரா செயலியை நிறுவி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு செயலிகளிலும் அதே கேமராவில் அதே குறை தெரிந்தால் அது வன்பொருள் பழுது. ஒரு செயலியில் மட்டும் தெரிந்தால் அந்தச் செயலியின் அமைப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொலைவு லென்ஸை நாம் தேர்ந்தெடுத்தாலும், வெளிச்சம் குறைவாகவோ பொருள் மிக அருகிலோ இருந்தால் பல கைப்பேசிகள் சொல்லாமலேயே முதன்மைக் கேமராவின் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். எந்த லென்ஸ் இயங்குகிறது என்று அறிய, பின்பக்க லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பாருங்கள். எதை மறைக்கும்போது திரை இருள்கிறதோ அதுவே அப்போது இயங்கும் கேமரா.

அறிகுறி: படம் மங்கலாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ஆனால் மங்கல் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கி, மங்கல் எப்படிப்பட்டது என்று பார்த்த பிறகு கீழுள்ள கிளைகளில் பொருந்துவதற்குச் செல்லுங்கள்.

*படம் முழுவதும் வெளிறியிருக்கிறது. விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமோ நீண்ட கோடுகளோ தெரிகின்றன*

லென்ஸ் அழுக்காக இருக்கிறது. சட்டை நுனியால் துடைத்தாயிற்று என்று பலரும் சொல்வார்கள். கருவியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், துடைத்த திசையிலேயே பிசுக்கு மெல்லிய வளைவுகளாக இழுபட்டுக் கிடப்பது தெரியும். இரவில் தெருவிளக்குகளிலிருந்து புறப்படும் நீண்ட கோடுகள் இந்த இழுவல்களால் வருபவையே. மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை எடுத்து, முதலில் தூசியைத் தட்டிவிட்டு, லென்ஸின் மேல் இலேசாக ஊதி ஆவி படியவைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமாகத் துடையுங்கள். துணியின் சுத்தமான பகுதியால் இன்னொரு முறை துடையுங்கள். மணல் துகள் இருக்கும்போது அழுத்தித் துடைத்தால் கீறல் விழும்.

துடைத்தும் போகவில்லை என்றால், லென்ஸின் மேல் தனியாக ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். மலிவான கண்ணாடிகளுக்கும் கேமராவுக்கும் இடையே தூசி புகுந்து நிற்பதும், ஒளி இரண்டு பரப்புகளுக்கிடையே எதிரொளித்து வெளிறுவதும் வழக்கம். அதை எடுத்துவிட்டுச் சோதனைப் படம் எடுங்கள். என் கருத்தில் பெரும்பாலானோருக்கு அந்தக் கண்ணாடி தேவையே இல்லை. ஃபிளாஷ் போடும்போது மட்டும் படம் வெளிறினால், உறையின் விளிம்பில் பட்டு ஒளி லென்ஸுக்குள் திரும்புகிறது. உறையைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு வந்தவுடன் வெளிப்புறம் ஆவி படிவது இயல்பானது. சில நிமிடங்களில் தானே மறையும். துடைக்கத் துடைக்கப் போகாமல், கண்ணாடிக்கு உட்புறத்தில் நுண்துளிகளாகப் படிந்திருந்தால், உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். தூசியும் நீரும் புகாது என்பதற்கான ஐபி68 தரச் சான்று பெற்ற கருவியிலும் இது நேரலாம். நீர்த்தடுப்பு காலப்போக்கில் தேய்ந்து குறையும். கருவியை அணைத்து, சார்ஜ் போடாமல், பழுது நீக்குபவரிடம் கொண்டு செல்லுங்கள். முடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றைக் காட்டினால் ஒட்டுப்பசை இளகும். அரிசிக்குள் புதைத்தால் துகள்கள் துளைகளில் புகும்.

லென்ஸின் மேலுள்ள கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் இதே வெளிறல் வரும். பல மாதிரிகளில் கேமராவை மாற்றாமல் அந்தக் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியும் என்பதால், முழுக் கேமராவுக்கும் விலை சொல்லப்பட்டால் இதைக் கேட்டுப் பாருங்கள். விரிசலோடு நெடுநாள் விட்டுவைத்தால் தூசி உள்ளே போய், கேமராவையே மாற்றும் நிலை வந்துவிடும்.

*எல்லாப் பொருள்களும் ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றன*

படம் எடுத்த நொடியில் கருவி அசைந்திருக்கிறது. திரையில் உள்ள பொத்தானை அழுத்தும் விரலே பெரும்பாலும் அசைக்கிறது. இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை உடலோடு ஒட்டிவைத்து, ஒலி கூட்டும் பொத்தானால் எடுத்துப் பாருங்கள். இன்னும் நல்லது, டைமரை 2 அல்லது 3 நொடிக்கு வைத்துவிட்டுக் கருவியை ஏதேனும் ஒன்றின் மேல் சாய்த்து வைப்பது.

டேப்லெட்டில் இந்தக் கோளாறு இரட்டிப்பாகும். அகலமான கருவியை ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் கை தளர்ந்து ஆடும். பல டேப்லெட்களில் அசைவைச் சமன்செய்யும் லென்ஸ் அமைப்பும் கிடையாது. அவற்றை மேசை விளிம்பிலோ நாற்காலி முதுகிலோ ஊன்றி எடுப்பதே வழி.

*பின்னணி தெளிவாக இருக்கிறது. ஆள் மட்டும் மங்கலாக இருக்கிறார்*

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, பிரித்தறிவது எளிது. ஆளின் கை, தலை போன்ற நகரும் பகுதிகள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் அசைந்திருக்கிறார். ஆள் முழுவதும் ஒரே அளவில் மங்கலாக இருந்து, அவருக்குப் பின்னால் உள்ள சுவர் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் சுவரில் விழுந்திருக்கிறது.

அசைவு என்றால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். விளையாடும் குழந்தையை அறைக்குள் 1/30 நொடி ஷட்டரில் (ஒளி உள்ளே விழும் நேரம்) எடுத்தால் மங்கல் வரத்தான் செய்யும். ஓட்டத்தை நிறுத்திப் பிடிக்க 1/500 அளவாவது வேண்டும், அதற்கு வெளிவெளிச்சம் வேண்டும். கையியக்கப் பயன்முறை உள்ள கைப்பேசிகளில் ஷட்டரை நீங்களே வைக்கலாம். அது இல்லாவிட்டால் பொத்தானை அழுத்திப் பிடித்தோ இழுத்தோ தொடர் படங்கள் எடுத்து, நன்றாக வந்ததை வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பயன்முறையை அணைத்துவிடுங்கள். அது பல நொடிகளின் ஒளியைச் சேர்ப்பதால் அசையாத காட்சிக்கு மட்டுமே உதவும்.

ஃபோகஸ் என்றால் எடுக்கும் முன் முகத்தின் மேல் தட்டுங்கள். ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் ஒளியளவும் அங்கேயே பூட்டப்படும். ஆள் நகர்ந்துவிட்டால் மறுபடி தட்ட வேண்டும்.

*அருகில் உள்ள பொருள் மட்டும் மங்கலாக வருகிறது*

புதுக் கைப்பேசி வாங்கியவர்களே இதை அதிகம் கேட்கிறார்கள். பழையதில் நன்றாக வந்தது, இதில் வரவில்லை என்கிறார்கள். பெரிய சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) வைத்த புதிய கேமராக்கள் அருகே ஃபோகஸ் ஆவதற்குக் குறைந்தபட்சமாகக் கேட்கும் தொலைவு கூடிவிட்டது. ஒரு சாண் அளவுக்கு, சிலவற்றில் அதற்கும் மேலாக விலகினால்தான் ஃபோகஸ் கிடைக்கும். எனவே நெருங்கிச் செல்லாதீர்கள்; பின்னால் நகர்ந்து 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ பயன்முறை இருந்தால் பல கைப்பேசிகள் அகலக் கோண லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். அந்த லென்ஸும் துடைக்கப்பட்டிருக்க வேண்டும், கைப்பேசியின் நிழல் பொருளின் மேல் விழக் கூடாது.

முன்பக்கக் கேமராக்கள் பலவற்றிலும், விலை குறைந்த டேப்லெட்களின் பின்பக்கக் கேமராக்கள் சிலவற்றிலும் ஃபோகஸ் நிலையானது, தட்டினாலும் மாறாது. அவற்றால் அருகிலுள்ள ஆவணத்தைத் தெளிவாக எடுக்க முடியாது. இது பழுது என்று எண்ணிச் செலவழிக்க வேண்டாம்.

*ஜூம் செய்தால் மட்டும் மங்கல்*

செயலியில் 1, 2, 3, 5 என்று எண்ணிட்டுக் காட்டப்படும் படிகளில் மட்டும் நில்லுங்கள். விரலால் அதற்கு மேல் விரித்தால் இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே நடக்கிறது. நடந்து அருகில் செல்ல முடிந்தால் செல்லுங்கள்.

*படம் எடுக்கும் முன்பே திரையில் காட்சி நடுங்குகிறது. கேமராவிலிருந்து ரீங்காரமோ கிளிக் சத்தமோ வருகிறது*

லென்ஸைத் தாங்கி அசைவைச் சமன்செய்யும் நுண்பொறி நிலைகொள்ளவில்லை. முதலில் காந்தம் உள்ள உறை, காரில் பொருத்தும் காந்தப் பிடி ஆகியவற்றிலிருந்து கருவியை விலக்கி, மறுதொடக்கம் செய்து பாருங்கள்; காந்தம் அந்தப் பொறியைக் குழப்பும். நிற்கவில்லை என்றால் பொறி சேதமடைந்திருக்கிறது. கீழே விழுந்ததால் நேரலாம். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் பொருத்தி ஓட்டியதாலும் நேரலாம். திறன்மிக்க இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் இந்த அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. தட்டிப் பார்ப்பது, குலுக்குவது எதுவும் நிரந்தரத் தீர்வாகாது. கேமராத் தொகுதியை மாற்ற வேண்டும். இது பழுது நீக்குபவரின் வேலை.

அறிகுறி: மணல் தூவியது போலச் சொரசொரப்பு, முகம் மெழுகு பூசியது போல வழவழப்பு

இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள். வெளிச்சம் போதாதபோது சென்சாரின் உணர்திறன் ஏற்றப்படுகிறது, சொரசொரப்பு வருகிறது. அதைச் செயலி மழிக்க முயலும்போது தோலின் நுணுக்கமும் சேர்ந்து போய்விடுகிறது.

விளக்கைப் போடுங்கள், ஜன்னலருகே வாருங்கள். இரவில் முதன்மைக் கேமராவையே பயன்படுத்துங்கள். பொதுவாக அதன் சென்சார்தான் பெரியது. 50, 108, 200 மெகாபிக்சல் முழு அளவு பயன்முறையை இருட்டில் அணைத்துவிடுங்கள். பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துத் தரும் 12 மெகாபிக்சல் அளவிலான இயல்பு நிலையே அங்கு தெளிவாக வரும். அது 4000க்கு 3000 பிக்சல் என்ற அளவு. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டாலும் 13க்கு 10 அங்குலத் தாளை நிரப்பும்.

பகல் வெளிச்சத்திலும் முகம் வழவழப்பாக வந்தால் அழகூட்டும் வடிகட்டி இயங்குகிறது. முன்பக்கக் கேமராவில் அது தானாகவே இயக்கப்பட்டு வருவதுண்டு. அளவைச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அறிகுறி: முகம் கறுத்து, பின்னணி வெளுத்துப் போகிறது

ஒளி ஆளின் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. ஆளையோ உங்களையோ திருப்பி நிறுத்துவது முதல் தீர்வு. முடியாவிட்டால் முகத்தின் மேல் தட்டி, கட்டத்தின் அருகே தோன்றும் சூரியக் குறியை இழுத்து ஒளியளவைச் சரிசெய்யுங்கள். இருண்ட பகுதியையும் வெளுத்த பகுதியையும் ஒருசேரத் தெளிவாக்கும் எச்டிஆர் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள். ஆள் ஓரிரு மீட்டருக்குள் இருந்தால் பகலிலும் ஃபிளாஷ் உதவும். மேடையில் நிற்பவருக்கு அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஃபிளாஷ் போடுவதால் முன்னிருக்கைக்காரரின் தலை வெளுப்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. டேப்லெட்கள் பலவற்றில் ஃபிளாஷே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாப் படங்களும் சூழலைப் பொருட்படுத்தாமல் ஒரே அளவில் இருண்டோ வெளுத்தோ வந்தால், ஒளியளவுத் திருத்தம் சுழியத்திலிருந்து நகர்ந்து நிலைத்திருக்கும். கேமரா அமைப்புகளை மீட்டமையுங்கள்.

அறிகுறி: நிறம் மாறி வருகிறது

*திரையில் எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறது:* கேமராவைத் தொடும் முன் திரையைப் பாருங்கள். இரவில் கண்ணுக்கு இதமாக நீல ஒளியைக் குறைக்கும் அமைப்பு இயங்கினால் பழைய படங்களும் மஞ்சளாகத்தான் தெரியும். அதே படத்தை இன்னொரு கருவியில் திறந்து பார்த்தால் ஐயம் தீரும்.

*அறைக்குள் மட்டும் மாறுகிறது:* இருவகை ஒளி கலக்கிறது. இழை பல்பின் ஒளி 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் மஞ்சளாகவும், பகலொளி 5500 கெல்வின் அளவில் வெண்மையாகவும் இருக்கும். இரண்டும் முகத்தின் இருபுறமும் விழுந்தால் எந்தக் கேமராவாலும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. ஒன்றை அணையுங்கள் அல்லது திரைச்சீலையை மூடுங்கள்.

*ஒரு கேமராவில் மட்டும், பகல் வெளிச்சத்திலும் ஊதா, இளஞ்சிவப்பு அல்லது பச்சைச் சாயல்:* மறுதொடக்கத்துக்குப் பிறகும் நீடித்தால் சென்சாரோ அதன் இணைப்பு நாடாவோ பழுதாகியிருக்கிறது. கருவியைப் பழுது நீக்குபவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி: படத்தில் கோடுகள், பட்டைகள், நெளிவுகள்

விளக்கொளியில் மட்டும் கிடைமட்டப் பட்டைகள் தெரிந்தால் விளக்கின் துடிப்பே காரணம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்றும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120 என்றும் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். சில செயலிகளில் துடிப்புத் தடுப்பு என்ற தனி அமைப்பே இருக்கும். கணினித் திரையைப் படமெடுக்கும்போது வானவில் நெளிவுகள் வந்தால் சற்று விலகி, கோணத்தை இலேசாக மாற்றி எடுங்கள்.

வெயிலில் எடுத்தாலும் ஒரே இடத்தில் மாறாமல் ஒரு கோடு நின்றால் சென்சார் சேதமடைந்திருக்கிறது. இசை நிகழ்ச்சிகளில் சுழலும் லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சார் எரிந்து இப்படிக் கோடோ புள்ளியோ நிரந்தரமாக நின்றுவிடும். இதை எந்தச் செயலியாலும் நீக்க முடியாது. லேசர் உள்ள அரங்கில் கேமராவை மேடைக்கு நேராக உயர்த்தாதீர்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அறிகுறி: புள்ளிகள், திட்டுகள்

விளக்கையோ சூரியனையோ எடுக்கும்போது பச்சைநிறப் புள்ளி ஒன்று மிதந்தால் கருவியை நகர்த்திப் பாருங்கள். விளக்குக்கு எதிர்ப்புறமாக அதுவும் நகர்ந்தால் லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்புதான். கோணத்தை மாற்றினால் போதும், பழுது இல்லை.

புள்ளி நகராமல் நின்றால் வெறும் வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். மங்கலான கருந்திட்டு என்றால் உள்ளே தூசி. மிகச் சிறிய, நிறமுள்ள, கூர்மையான புள்ளி என்றால் செயலிழந்த பிக்சல். முதலாவதைத் திறந்து சுத்தம் செய்யலாம், ஆனால் நீர்த்தடுப்புள்ள கருவியைத் திறந்தால் அந்தத் தடுப்பை மறுபடி ஒட்டித் தர வேண்டும். தொந்தரவு தராத அளவில் இருந்தால் விட்டுவிடலாம்.

அறிகுறி: முகத்தின் வடிவம் மாறுகிறது, கட்டடம் சாய்கிறது

மூக்கு பெரிதாகத் தெரிந்தால் மிக அருகில் நின்று எடுக்கிறீர்கள்; ஒன்றரை, இரண்டு மீட்டர் விலகி 2 மடங்கு ஜூம் வையுங்கள். குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பவர் அகன்று தெரிந்தால் அகலக் கோண லென்ஸை விட்டுவிட்டு, பின்னால் நகர்ந்து முதன்மைக் கேமராவால் எடுங்கள். கட்டடம் பின்னால் சாய்வதாகத் தெரிந்தால் கருவியை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறீர்கள். தற்படத்தில் எழுத்துகள் இடம்வலம் மாறியிருந்தால் முன்பக்கக் கேமராவின் கண்ணாடிப் பிம்ப அமைப்பை மாற்றுங்கள்.

அறிகுறி: கருவியில் நன்றாக இருக்கிறது, அனுப்பிய பின் கெட்டுவிடுகிறது

வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. எச்டி தேர்வில் சுருக்கம் குறையும். முழுத் தரம் வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். அந்தச் செயலிகளுக்குள் இருக்கும் கேமராவால் எடுக்காமல், கருவியின் சொந்தக் கேமராவால் எடுத்துப் பிறகு இணையுங்கள். ஐபோன் படம் பழைய கணினியில் திறக்கவே இல்லை என்றால், 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் பயன்படும் எச்.இ.ஐ.சி வடிவம் காரணம். கேமரா வடிவ அமைப்பில் அதிகப் பொருத்தம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக் ஆகச் சேமிக்கப்படும்.

அறிகுறி: கேமரா திறக்கவில்லை அல்லது கறுப்புத் திரை

உறையின் மடிப்பு லென்ஸை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். டேப்லெட்டில் இது சாதாரணமாக நடக்கும். வீடியோ அழைப்பு பின்னணியில் ஓடினால் முடியுங்கள். நினைவகத்தில் இடம் இருக்கிறதா, கருவி சூடாக இருக்கிறதா என்று பார்த்து, மறுதொடக்கம் செய்யுங்கள். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் விரைவு அமைப்புகளில் கேமரா அணுகலை முழுவதுமாக அணைக்கும் பொத்தானை வைக்க முடியும். அது தெரியாமல் தட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் கேமராச் செயலியே காணாமல் போனால் திரைநேரக் கட்டுப்பாடுகளைப் பாருங்கள். அடுத்து, கேமராச் செயலியின் தற்காலிகச் சேமிப்பை நீக்கி, இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள். தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதைக் கடைசியாக, அதுவும் எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகு மட்டும் செய்யுங்கள். முன்பக்கக் கேமரா இயங்கி, பின்பக்கம் மட்டும் எல்லாச் செயலிகளிலும் கறுப்பாக இருந்தால் மீட்டமைப்பதால் பயன் இருக்காது, நேராகப் பழுது நீக்குபவரிடம் செல்லலாம்.

பழுதுக்குக் கொடுக்கும் முன்னும் திரும்ப வாங்கும்போதும்

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் உற்பத்தியாளரின் சேவை மையத்தைத் தவிர வேறெங்கும் திறக்க விடாதீர்கள். கொடுக்கும் முன் படங்களை நகலெடுத்து வையுங்கள். சோதனைத் தாளின் படங்களைப் பழுது நீக்குபவரிடம் காட்டுங்கள், அவருக்கும் வேலை குறையும். மாற்றப்போகும் கேமரா அசல் உதிரிபாகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐபோன் 12 முதலான மாதிரிகள் அசல் என்று உறுதிப்படுத்த முடியாத கேமராவைக் கண்டால் அமைப்புகளில் அறிவிப்புக் காட்டும்.

திரும்பப் பெறும்போது கடையிலேயே நின்று ஒவ்வொரு லென்ஸாலும் ஒரு வெள்ளைப் பரப்பையும், அருகில் உள்ள எழுத்தையும், தொலைவில் உள்ள பலகையையும் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் படத்தில் திட்டு இருந்தால் பொருத்தும்போது தூசி புகுந்திருக்கிறது. படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் தொகுதி சாய்வாக அமர்ந்திருக்கிறது. இரண்டையும் அப்போதே சொன்னால்தான் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து கேட்க முடியும்.